நாய் வளரும் வீட்டில் புல்

புல் பதிக்கவோ பழுது பார்க்கவோ மதுரையில் யார் கூப்பிட்டாலும், டேப்பை எடுத்து அளப்பதற்கு முன் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டில் நாய் இருக்கிறதா? இருந்தால் ஆணா பெண்ணா, என்ன வயது, காலையில் எத்தனை மணிக்கு அவிழ்த்து விடுவீர்கள், ராத்திரி எங்கே படுக்கும்? "புல்லுக்கு வந்தீங்களா, நாய்க்கு வந்தீங்களா?" என்று கே.கே. நகரில் ஒரு பெரியவர் கேட்டார். "ரெண்டுக்கும்தான்யா" என்றேன். நாய் இருக்கும் வீட்டில் புல்லைத் தனியாக வைத்துப் பார்க்க முடியாது.

பழுதான லானைப் பார்க்கப் போகிற நாளில் பெரும்பாலும் நாய் சங்கிலியில் கிடக்கும். "எல்லாம் இவன் பண்ணின வேலை" என்று கை காட்டுவார்கள். அதைப் பார்க்க எனக்கு மனசு ஆறாது. நாய் மூத்திரம் புல்லைக் கருக்கும் என்பது உண்மை. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த ஊரில் நான் பார்த்த லான்களில் முக்கால்வாசி, நாய் வருவதற்கு முன்பே அரை உயிரில் இருந்தவை. உப்புத் தண்ணீர், அடியில் இறுகிப்போன மண், மொட்டையடித்தாற்போல் ஒட்ட வெட்டிய புல். இத்தனையும் தாங்கிக்கொண்டு நிற்கிற புல்லின் மேல் நாய் கடைசியாக வந்து கால் மடக்குகிறது. பழி மொத்தமும் அதன் தலையில் விழுகிறது.

எனக்குச் சொந்த ஊர் வாடிப்பட்டிப் பக்கம். பெரியாறு வாய்க்கால் பாசனத்தில் நெல் விளைகிற பூமி. அங்கே அருகம்புல் என்றால் வரப்பைப் பிடித்துக்கொண்டு வயலுக்குள் இறங்கும் களை. அதை வேரோடு கொத்தி எறிந்த கையால்தான் பிறகு அழகர்கோவில் சாலையில் ஒரு நர்சரியில் வேலைக்குச் சேர்ந்து, அதே அருகை வாங்குபவர் வீட்டுக்குச் சாக்கு சாக்காகக் கொண்டுபோய் நட்டேன். அண்ணா நகர், கே.கே. நகர், நாராயணபுரம், அய்யர் பங்களா என்று ஊர் வடக்கே விரிய விரிய வேலையும் பெருகியது. வீட்டு முன்னால் நாலு சென்ட் புல், ஒரு கல் பெஞ்சு, ஒரு நாய் என்பது பலருடைய ஆசை. ஆரம்பத்தில் எங்கும் பொமரேனியன். பிறகு லேப்ரடார் வந்தது. இப்போது மறுபடியும் நம்ம ஊர் நாய்களைத் தேடிப் பிடிக்கிறார்கள்: சிப்பிப்பாறை, ராஜபாளையம், கோம்பை. 2005-இல் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இருந்தது. பார்க்கப் பெருமையாக இருந்தது. ஆனால் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் ஓடுவதற்கென்றே பிறந்த நாய்கள். நாலு சென்ட் புல் அவற்றுக்குப் போதாது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் புல் கருகிய வட்டத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் மஞ்சள் திட்டு மட்டும்தான் தெரியும். முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தால் நடுவில் வைக்கோல் நிறத்தில் செத்த புல், அதைச் சுற்றி ஒரு விரற்கடை அகலத்துக்கு அடர் பச்சையில் வளையம், அந்த வளையத்துப் புல் மட்டும் பக்கத்துப் புல்லைவிட ஒரு பிடி உயரமாய். நாய் மூத்திரத்தின் கையெழுத்து இதுதான். மூத்திரத்தில் இருப்பது யூரியாவும் உப்பும். நடுவில் அது மொத்தமாக விழுந்ததால் புல் கருகியது. ஓரத்தில் கொஞ்சமாகக் கசிந்ததால் அதே சரக்கு உரமாகி, புல் தழைத்துவிட்டது. மாங்காயில் உப்புப் போட்டால் தண்ணீர் வெளியே வருவதுபோல, வேரைச் சுற்றி உப்பு கூடினால் வேரில் இருக்கிற ஈரத்தை மண் இழுத்துக்கொள்ளும். வெளியே ஈரம் இருக்கும், புல்லுக்குள் இருக்காது.

ஆரோக்கியமான நாய் ஒரு நாளைக்குத் தன் எடையில் கிலோவுக்கு 20 முதல் 40 மில்லி வரை மூத்திரம் போகும். 25 கிலோ லேப்ரடார் என்றால் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர். அதைத் தோட்டம் முழுக்கத் தெளித்தால் புல்லுக்கு நல்லதுதான். உள்ளங்கை அகலத்தில் ஒரே இடத்தில் விழுவதுதான் வினை. பெண் நாயின் மூத்திரத்தில் 'ஆசிட்' அதிகம், அதனால்தான் எரிகிறது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பெண் நாய் குந்தி உட்கார்ந்து ஒரே இடத்தில் முழுவதையும் விடும். ஆண் நாய் காலைத் தூக்கிக்கொண்டு இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சமாகப் பத்து இடத்தில் அடையாளம் வைக்கும். அதன் சேதம் புல்லில் குறைவாகவும், குரோட்டன்ஸ் செடியின் அடி இலையிலும் வேலிச் செடியின் மூலையிலும் அதிகமாகவும் தெரியும். குட்டியாக இருக்கும்வரை ஆணும் குந்தித்தான் போகும். அதனால் எட்டு மாதக் குட்டி இருக்கிற வீட்டில் ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு அவ்வளவு அர்த்தம் இல்லை.

மூத்திரத்தில் இருப்பதும் யூரியா என்பது புரியாததால் நடக்கிற பெரிய கொடுமை யூரியாதான். மஞ்சளாகத் தெரிந்ததும் தோட்டக்காரர் ஒரு கை யூரியாவை அள்ளி அதன் மேல் வீசிவிட்டுப் போவார். நெல்லில் மஞ்சள் கண்டால் யூரியா போட்டுப் பழகிய கை. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. நாய் போட்டுச் சுட்ட அதே பொருளை, அதே இடத்தில், இன்னும் கெட்டியாக மனிதன் போடுகிறான். திட்டு தட்டு அளவில் இருந்தது தாம்பாள அளவுக்கு விரியும். அப்புறமும் நாயைத்தான் வைவார்கள்.

மஞ்சள் திட்டெல்லாம் நாய் வேலையும் அல்ல. செத்த புல்லை ஒரு கொத்தாகப் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். வேர் பிடித்துக்கொண்டு வர மறுத்தால் மூத்திரமாக இருக்கலாம். பாயைச் சுருட்டுகிற மாதிரி கையோடு உரிந்து வந்தால் அடியில் வெண்புழு வேரைத் தின்றிருக்கிறது. மண்ணைக் கிளறினால் வளைந்து சுருண்டு கிடக்கும். செம்மண் பக்கம், ஒத்தக்கடை, மேலூர் வழியில், கரையான் மண் பூசியிருக்கும். மார்கழியில் விடிகாலைப் பனியோடு பார்க்கும்போது சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் படிந்திருந்தால் அது பூசணம். கொத்தினால் 'டங்'கென்று சத்தம் வந்தால் கட்டடம் கட்டினவர்கள் புதைத்துவிட்டுப் போன சிமென்ட் கட்டி. அதற்கு மேல் இருக்கிற மூணு அங்குல மண் சித்திரை வெயிலில் காய்ந்து, புல் வட்டமாகவே சாகும். அதைத் தோண்டி வெளியே எறியாமல் எந்த வைத்தியமும் பலிக்காது.

திருநகரில் ஒரு வீடு. கொரியன் புல் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சுவரோரமாக ஒரே நீளத்துக்கு மஞ்சள். லேப்ரடார் பெண், மூணு வயசு, கார் ஷெட்டில் கட்டிக் கிடந்தது. "பகல் முழுக்கக் கட்டித்தாண்ணே போட்டிருக்கோம், அப்படியும் மஞ்சளாயிக்கிட்டே போகுது" என்றார் வீட்டு அம்மா. கட்டிப்போட்ட நாய் எப்படிப் புல்லைக் கருக்கும் என்ற கேள்வி யாருக்கும் வரவில்லை. நான் மஞ்சளைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அது சமையலறைச் சுவரில் போய் நின்றது. அங்கே விரல் மொத்தத்தில் ஒரு வெள்ளைக் குழாய். ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீர். "வீணாப் போக வேண்டாமேன்னு புல்லுக்குத் திருப்பி விட்டோம்" என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் போர் தண்ணீரில் இருக்கிற உப்பைப் பிரித்து, நமக்கு நல்ல தண்ணீரைக் கொடுத்துவிட்டு, உப்பு முழுவதையும் கெட்டியாக்கி வெளியே தள்ளுகிற குழாய் அது. அதைக் கழிப்பறை கழுவத் திருப்பச் சொன்னேன். மாடி ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரை அதற்குப் பதிலாகப் புல்லுக்கு விடச் சொன்னேன். அதில் உப்பே கிடையாது. கிளம்பும் முன் நாயை அவிழ்த்துவிடச் சொல்லிக் கேட்டேன். அது லானைச் சுற்றி இரண்டு ஓட்டம் ஓடிவிட்டு என் பையை மோந்து பார்த்தது.

இந்த ஊரில் புல் வளர்ப்பவர் முதலில் தண்ணீரைத் தெரிந்துகொள்ள வேண்டும். மதுரைக்கு வருஷ மழை 850 மில்லிமீட்டர் அளவில்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களுக்கு போர்தான் கதி. பல பகுதிகளில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. யானைமலை அடிவாரத்து வேளாண் கல்லூரி 1965-இலிருந்து இருக்கிறது. மண்ணோடு தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்து அங்கே பரிசோதனைக்குக் கொடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். உப்பின் அளவைக் காட்ட இ.சி. என்று ஒரு எண் போட்டுத் தருவார்கள். 0.7-க்குள் இருந்தால் கவலை இல்லை. 3-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பிப் புல் போடக் கூடாது. ஏற்கெனவே உப்பின் விளிம்பில் நிற்கிற மண்ணில் நாய் மூத்திரம் ஒரு தடவை விழுந்தாலே போதும். நல்ல தண்ணீர் பாய்கிற லானில் அதே நாய், அதே அளவு போனால் பச்சை வளையம் மட்டும் தெரியும்; நடுவில் சாகாது. ஒரே வீட்டில் மழைக்காலத்தில் திட்டே விழாமல், மாசியில் ஆரம்பித்து வைகாசிவரை வரிசையாக விழுவதும் இதனால்தான். நாய் மாறவில்லை, மழை நின்றுவிட்டது.

கண்மாய்ப் பாசன வயல்களை மனையாக்கிக் கட்டிய தெருக்களில் இன்னொரு தொல்லை. அடியில் களிமண். திருமங்கலம் பக்கம் கரிசல். ஊற்றின தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும். உப்பும் கூடவே நிற்கும். கடலைக்கு விழுது இறங்கும் பருவத்தில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடுவது நம்ம விவசாயிகளுக்குத் தெரியும். அதே ஜிப்சம் களிமண் லானில் சோடிய உப்பைப் பெயர்த்துக் கீழே அனுப்ப உதவும். ஆனால் ஜிப்சம் மூத்திரத்தை முறிக்கும் என்று கடையில் சொல்லி விற்றால் நம்பாதீர்கள். அது மூத்திரத்தை ஒன்றும் செய்யாது. மண்ணைத் திறக்கும். பிறகு தண்ணீர்தான் உப்பைக் கழுவும். கீழே இறங்க வழியில்லாத இடத்தில் ஜிப்சம் மூட்டையைக் கொட்டினாலும் பலன் இல்லை; கடப்பாரையால் ஒரு அடி ஆழத்துக்குத் துளை போட்டு மணல் நிரப்பினால்தான் வழி பிறக்கும்.

பழுது பார்க்கிற வேலையைச் சொல்கிறேன். திட்டு சின்னதாக, அருகம்புல்லாக இருந்தால் கொத்தவே வேண்டாம். செத்த புல்லை விரலால் கோதி எடுத்துவிட்டு, மூணு நாள் காலையில் வாளி வாளியாக ஊற்றி உப்பை இறக்கிவிட்டால், அருகு ஓடி வந்து மூடிக்கொள்ளும். தரைக்கு மேலேயும் கீழேயும் தண்டு விட்டு ஓடுகிற புல் அது. வரப்பில் எங்களைப் படுத்தின குணமே இங்கே உதவுகிறது. கொரியன் புல் அப்படியல்ல. பார்க்க மெத்து மெத்தென்று அழகு. ஆனால் நகர்வது நத்தை வேகம். ஒரு தட்டு அளவு ஓட்டை மூட மாதக் கணக்கில் ஆகும். அதற்கு ஒட்டுப் போட்டே ஆக வேண்டும்.

ஒட்டுப் போடும்போது செத்த வட்டத்தோடு நிற்காமல் அதற்கு வெளியே நாலு விரல் சேர்த்து, நாலு அங்குல ஆழத்துக்கு மண்ணை அள்ளிவிடுவேன். அந்த மண்ணைக் கையில் எடுத்தால் சில சமயம் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும். மோந்தால் நெடி வரும். அதைத் தென்னை மரத்தடியில் கொட்டலாம், தென்னை தாங்கும். குழியை நிறையத் தண்ணீர் விட்டு ஒரு நாள் ஆறவிடுவேன். மறுநாள் கண்மாய் வண்டல் ஒரு பங்கு, ஆற்றுமணலோ கழுவின எம்-சாண்டோ ஒரு பங்கு, நன்றாக மக்கிக் காய்ந்த தொழு உரம் அரைப் பங்கு கலந்து நிரப்பி, காலால் மிதித்து, பக்கத்து மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே நிறுத்துவேன். லானின் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலோ மாடிப்படிக்கு அடியிலோ, அதே புல்லிலிருந்து ஒரு துண்டு வெட்டி இங்கே பதிப்பேன். கடையில் புதுசாக வாங்கின புல் தாளைப் பதித்தால் நிறம் சேராது. ஒரு வருஷத்துக்கு ஒட்டுத் தெரியும். பதித்தபின் உள்ளங்காலால் அழுத்தி, பூவாளியால் காலையும் மாலையும் மூணு வாரம். அந்த மூணு வாரம் நாய் அந்தப் பக்கம் வரக் கூடாது. நாலு மூங்கில் குச்சியும் ஒரு துண்டு பச்சை வலையும் போதும்.

பெரிய இடமாக இருந்தால் அருகை இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, மண்ணோடும் பசுஞ்சாணியோடும் சேறாகக் குழைத்துப் பூசுகிற பழைய முறை உண்டு. செலவு குறைவு, விளைச்சல் பிரமாதம். நாய் இருக்கும் வீட்டில் மட்டும் நான் அதைச் செய்வதில்லை. பசுஞ்சாணி மணத்துக்கு நாய் வந்து புரண்டு எழுந்தால் பூசினது முழுக்க அதன் முதுகில்தான் இருக்கும். அங்கே நாலு அங்குல இடைவெளியில் வேரோடு நடுவதுதான் சரி.

காலமும் பார்க்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் லான் சரியாகணும், ஊரிலிருந்து எல்லாரும் வர்றாங்க என்று பங்குனியில் கூப்பிடுவார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. அந்த வெயிலில் ஒட்டுப் போட்டால் புல்லும் போகும், தண்ணீரும் போகும். புரட்டாசி கடைசியிலிருந்து ஐப்பசிக்குள் செய்தால் வேலையில் பாதியை மழை பார்த்துக்கொள்ளும். மார்கழிக் குளிரில் அருகு நகராது. அவசரமாகப் பச்சையாகத் தெரிய வேண்டுமென்றால் நாலு தொட்டிச் செடியை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

எந்தப் புல் நாய்க்குத் தாங்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வெளிநாட்டுப் புத்தகங்களில் பெஸ்க்யூ, ரை என்று சில புல்லைச் சொல்வார்கள். அவை குளிர் நாட்டுப் புல். மதுரை சித்திரையைத் தாண்டாது. நம்மிடம் இருப்பதில் அருகம்புல் மூத்திரத்துக்குச் சீக்கிரம் கருகும், ஆனால் சீக்கிரமே மீளும். கொரியன் மிதிபடத் தாங்கும், மீள நாளாகும். பஃபலோ புல் என்று நர்சரியில் விற்கிற அகல இலைப் புல் உப்பையும் ஓரளவு நிழலையும் தாங்கும், தொடுவதற்கு முரடு. நாய் உள்ள வீட்டுக்கு, நல்ல வெயில் இருந்தால், நான் அருகைத்தான் சொல்வேன். இரண்டு அங்குல உயரத்துக்குக் குறையாமல் வெட்டச் சொல்வேன். வேப்ப மரத்தடியில் அருகு வராது. அங்கே மண்ணை மண்ணாகவே விட்டால் நாய்க்குப் படுக்க இடமாயிற்று.

தடுப்பு என்று வந்தால் காலை முதல் மூத்திரம்தான் முக்கியம். ராத்திரி முழுக்க அடக்கி வைத்ததால் அதுதான் கெட்டி, அதுதான் அதிகம். அவிழ்த்துவிட்டதும் நேரே லானுக்கு ஓடுகிற நாயை, அந்த ஒரு தடவை மட்டும் கயிற்றில் பிடித்து வேறு இடத்துக்குக் கூட்டிப்போனால் சேதத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும். காம்பவுண்டு மூலையில் ஆறடிக்கு ஆறடி ஒதுக்கி, ஒரு அடி ஆழம் தோண்டி, கீழே ஜல்லி, மேலே பருமணல் நிரப்பித் தருவேன். ஆண் நாய் என்றால் நடுவில் ஒரு வேலிக்கல் ஊன்றுவேன். மேலூர்ப் பக்கம் உடைந்த கல் மலிவாகக் கிடைக்கும். முதல் நாள் அந்த நாயின் மூத்திரம் பட்ட மண்ணில் ஒரு பிடி எடுத்து அங்கே போட்டுவைத்தால் அதற்கு விளங்கும். போனவுடன் ஒரு பிஸ்கட், ஒரு தட்டிக்கொடுப்பு. இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே போகும். வாரம் இருமுறை ஹோஸால் அலசிவிட வேண்டும். லானிலேயே போய்விட்டால், அன்றைக்கே, வெயில் ஏறுவதற்குள் அதே இடத்தில் ஒரு வாளித் தண்ணீர். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்த வேலையை அவர்களிடம் கொடுத்தால் ஒரு நாளும் தவறாது.

நாய்க்குத் தக்காளிச் சாறு, வினிகர், சோடா உப்பு, ஏதோ மாத்திரை கொடுத்தால் புல் கருகாது என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டுவார்கள். தயவு செய்து செய்யாதீர்கள். மூத்திரத்தின் குணத்தை மாற்றப் போய் மூத்திரப்பையில் கல் உண்டாகிவிட்டால் நாய் படுகிற வேதனை கொஞ்சநஞ்சமல்ல. சாப்பாட்டில் உப்பைக் கூட்டி நிறையத் தண்ணீர் குடிக்க வைப்பதும் தவறு. வீட்டில் இரண்டு இடத்தில் நிழலாகத் தண்ணீர் வையுங்கள், அதுவே போதும்.

இனி ஓடுகிற நாயின் கதை. நாகமலைப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு சிப்பிப்பாறை. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குத் தடம் விழுந்து, மண் கல்லாக இறுகிவிட்டது. தெருவில் ஆடு போனால், சைக்கிள் போனால், அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு ஒரே பாய்ச்சல். அதில் புல்லைத் திரும்பத் திரும்பப் பதித்து அலுத்துப்போய்க் கூப்பிட்டிருந்தார்கள். நாய் போட்ட பாதையை நாய்க்கே விட்டுவிடுங்கள் என்றேன். மூணடி அகலத்துக்குப் பருமணலும் கூழாங்கல்லும் போட்டு, உட்புறம் இட்லிப்பூச் செடியை வரிசையாக நட்டுக் கொடுத்தேன். கடப்பாக் கல் போடலாமா என்று கேட்டார்கள். கூடாது, மத்தியான வெயிலில் அந்தக் கறுப்புக் கல் நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். புல் பரப்பு குறைந்தது உண்மை. மிச்சமிருந்த புல் நன்றாக வந்தது.

தோண்டுகிற நாய் காரணமில்லாமல் தோண்டுவதில்லை. கோடையில் தோண்டினால் சூடு தாங்காமல் ஈர மண்ணைத் தேடுகிறது. வேப்ப நிழலில் மணல் தொட்டி ஒன்று செய்து தினமும் நனைத்துவிட்டால் லானை விட்டுவிடும். ஒரே இடத்தை மூக்கை நுழைத்துத் தோண்டினால் அடியில் பெருச்சாளி வளை இருக்கும். பொறி வையுங்கள், எலி மருந்து வேண்டாம். ஆனால் பெரும்பாலான தோண்டலுக்குக் காரணம் நாம் போடுகிற எருதான். எலும்புத்தூள் போட்டுப் புல் பதித்தால் எந்த நாய்தான் தோண்டாது? மீன் அமிலம் தெளித்த லானில் தெரு நாய்கூடச் சுவரேறிக் குதிக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று. கரையானுக்கென்று ஆமணக்குப் புண்ணாக்கைப் போடுகிற வழக்கம் நம்ம பக்கம் இருக்கிறது. அதில் ரைசின் என்ற விஷம் இருக்கிறது. மணத்துக்கு நாய் விரும்பித் தின்னும். தின்றால் வாந்தி, ரத்தபேதி, பிழைப்பது கடினம். நாய் உள்ள வீட்டுக்கு வேப்பம்புண்ணாக்கு மட்டும்தான். அதேபோல் குருணை மருந்து. போரேட்டுக்கு 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்கத் தடை. இருந்தும் பழைய டப்பா சில தோட்டக்காரர்களின் பையில் கிடக்கிறது. லான் வேலைக்கு யார் வந்தாலும் பையில் என்ன இருக்கிறது என்று கேட்டு, பெயரைப் படித்துவிட்டு உள்ளே விடுங்கள். நூறு மஞ்சள் திட்டு விழட்டும், ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். போன நாய் வராது.

என்னோடு வேலை செய்பவர்களுக்கும் ஒரு கட்டாயம் வைத்திருக்கிறேன்: வெறுங்காலோடு நாய் உள்ள லானில் இறங்கக் கூடாது. நாய் மலத்திலிருந்து கொக்கிப்புழு ஈர மண்ணில் இறங்கி, மனிதத் தோலுக்குள் ஊர்ந்து சிவப்புக் கோடு போடும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் நாய், எலி மூத்திரம் கலந்தால் எலிக்காய்ச்சல் வரும். முதலில் "செருப்பில்லாமத்தாண்ணே கால் நல்லா ஊனும்" என்று அடம்பிடித்தார்கள். இப்போது பூட்ஸ் இல்லாமல் யாரும் வருவதில்லை. மலத்தை எருவென்று நினைத்து லானில் விட்டுவைக்கிற வீட்டில், அதை அள்ளினபிறகுதான் வேலை தொடங்குவோம்.

கல்யாண மண்டபம், ரிசார்ட் லான்களில் வேறு சங்கடம். அங்கே வருவது தெரு நாய்கள். சாயங்காலம் தண்ணீர் பாய்ச்சினால் ராத்திரி அவை குளிர்ச்சிக்கு அங்கேதான் படுக்கும், தோண்டும். விடிகாலையில் பாய்ச்சுங்கள், பாதி குறையும். பிடித்துக்கொண்டுபோய் வேறு ஊரில் விடச் சொல்பவர்கள் உண்டு. தெரு நாய்களுக்கான 2023 விதிகளின்படி கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டு அதே இடத்தில்தான் விட வேண்டும். கருத்தடை செய்த ஆண் நாய் அடையாளம் வைப்பதும் குறையும். லானுக்கு எதிர்ப்புறம், சமையல்கூடத்துக்குப் பின்னால் ஒரு இடத்தில் தினம் ஒரே நேரத்தில் மிச்சச் சோறு வைத்தால் அவை அங்கேயே தங்கிவிடும் என்று காவலாளிகளிடம் சொல்லியிருக்கிறேன். செய்த இடத்தில் பலன் இருக்கிறது.

கடைசியாக, ஒரு வயதான நாய். விசாலாட்சிபுரத்தில் நான் பல வருஷமாகப் புல் பார்க்கிற வீடு. பத்து வயசைத் தாண்டிய பெண் நாய். வருஷா வருஷம் கோடையில் திட்டு விழும், ஒட்டுப் போடுவேன். ஒரு பங்குனியில் போனபோது ஒரு திட்டும் இல்லை. "வயசானதும் புத்தி வந்திருச்சு போல" என்று சார் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. தண்ணீர் அதே போர் தண்ணீர், வெயில் அதே வெயில். "தண்ணி நிறையக் குடிக்குதா சார்?" என்று கேட்டேன். ஆமாம், இப்போதெல்லாம் சட்டி சட்டியாகக் குடிக்கிறது என்றார். மூத்திரம் நீர்த்துப்போனால் புல் கருகாது. ஆனால் வயதான நாய்க்கு அது கிட்னி கெடுவதன் அடையாளமாக இருக்கலாம், சர்க்கரையாகவும் இருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிட்னிதான். சாப்பாட்டை மாற்றி, மருந்து கொடுத்து, அந்த நாய் அதற்குப் பிறகும் நல்லபடியாக இருந்தது. அதிலிருந்து பழகிய வீடுகளில் புதிதாகத் திட்டு விழுந்தாலும் கேட்கிறேன், விழுவது திடீரென்று நின்றாலும் கேட்கிறேன்: நாய் எப்படி இருக்கிறது, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது?